அக்னிவீர் உடற்தகுதித் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய இராணுவத்தின் அக்னிவீர் (அக்னிபத் திட்டத்தின்கீழ் நான்கு ஆண்டுப் பணிக்குச் சேரும் வீரர்) ஆள்சேர்ப்புக்கான இணையவழி எழுத்துத் தேர்வின் முடிவு வந்தவுடன், அடுத்து நடக்கவிருக்கும் உடற்தகுதித் தேர்வைப் பற்றி இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் சொல்லப்படும் நேர அளவுகளும் மதிப்பெண்களும் 2025ஆம் ஆண்டின் ஆள்சேர்ப்பு விதிகளின்படி அமைந்தவை. ஆண்டுதோறும் விதிகளில் சிறு மாற்றங்கள் வருவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை இராணுவத்தின் அதிகாரப்பூர்வ ஆள்சேர்ப்பு இணையதளத்திலிருந்து இறக்கி, ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுங்கள்.

உடற்தகுதித் தேர்வு எந்தக் கட்டத்தில் நடக்கிறது?

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் பழைய முறைப்படியே திறந்தவெளி முகாமில் ஓட்டமும் உடற்தகுதிச் சோதனைகளும் முதலில் நடந்தன. அவற்றில் தேறியவர்கள் பிறகு எழுத்துத் தேர்வை எழுதினார்கள். 2023 முதல் இந்த வரிசை மாற்றப்பட்டது. இப்போது கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் மட்டுமே முகாமுக்கு அழைக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் உள்ள ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டு முகாம்களை நடத்துகின்றன. எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை உங்கள் அனுமதிச் சீட்டில் காணலாம்.

இந்த மாற்றத்தின் விளைவைப் பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. முகாமுக்கு வரும் கூட்டம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வந்திருக்கும் அத்தனை பேரும் எழுத்துத் தேர்வில் தேறியவர்கள். ஆகவே மைதானத்தில் தேறினால் போதும் என்ற எண்ணத்தோடு போகிறவர், இறுதித் தரவரிசையில் மிகச் சில மதிப்பெண்களால் பின்தங்கிவிட வாய்ப்புண்டு.

சோதனைகள் எவை? மதிப்பெண்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளன?

பொதுப் பணிப் பிரிவுக்கு நான்கு சோதனைகள் உள்ளன. 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 60 மதிப்பெண்ணும், பீம் என்று முகாமில் அழைக்கப்படும் புல்-அப்ஸுக்கு 40 மதிப்பெண்ணும் உண்டு. 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவதற்கும், ஜிக்-ஜாக் பாலன்ஸ் எனப்படும் வளைந்து செல்லும் குறுகிய கட்டையின்மேல் நடப்பதற்கும் மதிப்பெண் இல்லை. ஆனால் அவற்றில் தேறியே ஆக வேண்டும்.

ஓட்டத்தை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண் கிடைக்கும். 5 நிமிடம் 31 விநாடி முதல் 5 நிமிடம் 45 விநாடி வரை எடுத்துக்கொண்டால் 48 மதிப்பெண். முன்பு இந்த இரண்டு பிரிவுகளோடு கதவு மூடிவிடும். 2025இல் மேலும் இரண்டு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அதன்படி 6 நிமிடம் வரை ஓடி முடிப்பவருக்கு 36 மதிப்பெண்ணும், 6 நிமிடம் 15 விநாடி வரை ஓடி முடிப்பவருக்கு 24 மதிப்பெண்ணும் தரப்படுகின்றன. பீமில் 10 எடுத்தால் 40, 9 எடுத்தால் 33, 8 எடுத்தால் 27, 7 எடுத்தால் 21, 6 எடுத்தால் 16 மதிப்பெண் வழங்கப்படும். 6க்குக் கீழே போனால் அதோடு வெளியேற வேண்டியதுதான்.

ஓட்டம், பீம் இரண்டில் எதற்கு அதிக நேரம் செலவிட வேண்டும்?

மைதானங்களில் பயிற்சி எடுக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் தங்கள் உழைப்பு முழுவதையும் ஓட்டத்தில் கொட்டிவிட்டு, பீமைக் கடைசிப் பத்து நிமிடங்களுக்குத் தள்ளிவிடுகிறார்கள். மதிப்பெண் அட்டவணையை ஒருமுறை கூட்டிப் பார்த்தாலே இதில் உள்ள இழப்பு புரிந்துவிடும். 5 நிமிடம் 29 விநாடியில் முதல் ஆளாக ஓடி வந்து, பீமில் 6 மட்டும் எடுத்தவருக்கு மொத்தம் 76 மதிப்பெண். அவருக்குப் பின்னால் 5 நிமிடம் 40 விநாடியில் வந்து, பீமில் 10 எடுத்தவருக்கு 88 மதிப்பெண். முன்னால் ஓடியவர் பன்னிரண்டு மதிப்பெண் பின்தங்குகிறார்.

ஓட்டத்தில் கடைசிப் பதினைந்து விநாடிகளைக் குறைப்பதற்கு மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அப்படிப் பாடுபட்டும் சிலருக்கு அது கைகூடுவதில்லை. பீமின் கதை வேறு. உடல் எடை அளவாக உள்ள, தோளிலும் முழங்கையிலும் காயமில்லாத ஓர் இளைஞர் ஆறு மாதம் முறையாக முயன்றால் 10 என்ற எண்ணிக்கையை எட்டிவிட முடியும் என்பதே என் உறுதியான கருத்து. அதனால் ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஓட்டத்தில் குறித்த நேரத்துக்குள் வராதவருக்குப் பீமின் அருகே போகும் வாய்ப்பே கிடைக்காது. இரண்டையும் சம அக்கறையோடு பழக வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

1.6 கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓட வேண்டும்?

400 மீட்டர் ஓடுதளத்தில் இது சரியாக நான்கு சுற்று. 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிக்க ஒவ்வொரு சுற்றையும் சராசரியாக 82.5 விநாடியில் ஓட வேண்டும். 5 நிமிடம் 45 விநாடிக்குச் சுற்றுக்கு 86 விநாடி, 6 நிமிடத்துக்கு 90 விநாடி, 6 நிமிடம் 15 விநாடிக்கு ஏறக்குறைய 94 விநாடி. இந்த எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கோட்டில் நடப்பதைச் சொன்னால்தான் இந்த எண்களின் அருமை தெரியும். ஒரு தொகுதியில் பெருங்கூட்டமாக இளைஞர்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். ஓடச் சொன்ன மறுகணம், பின்னால் இருப்பவர் இடித்துத் தள்ள, முன்னால் இருப்பவர் இடம்பிடிக்கப் பாய, முதல் 100 மீட்டர் கண்மூடித்தனமான ஓட்டமாகத்தான் இருக்கும். அந்த வேகத்தில் இழுபட்டு முதல் சுற்றை 70 விநாடியில் முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். அப்படி ஓடியவருக்கு இரண்டாம் சுற்று 84 விநாடி ஆகும். மூன்றாம் சுற்றில் கால்கள் கட்டையாகி 95 விநாடிக்குப் போகும். கடைசிச் சுற்றை உயிரைக் கொடுத்து ஓடினாலும் 92 விநாடி பிடிக்கும். மொத்தம் 5 நிமிடம் 41 விநாடி. அதே உடல்வலிமை உள்ளவர் 82, 83, 84, 81 என்று ஓடியிருந்தால் சரியாக 5 நிமிடம் 30 விநாடியில் வந்திருப்பார்.

இதற்குக் காரணம் உண்டு. தாங்கக்கூடிய வேகத்தை மீறி ஓடும்போது தசைகள் ஆக்சிஜன் போதாத நிலையில் ஆற்றலை உருவாக்கத் தொடங்குகின்றன. அப்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடி, அது சுருங்கி விரியும் திறன் குறைகிறது. ஓட்டத்தின் கடைசியில் இந்த நிலை வந்தால் சமாளித்துவிடலாம். முதல் சுற்றிலேயே வந்துவிட்டால் மீதி மூன்று சுற்றுகளையும் அந்தச் சுமையோடுதான் ஓட வேண்டியிருக்கும்.

ஆகவே தொடக்கத்தில் முட்டிமோதி விழாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும் விரைந்து இடம்பிடித்துவிட்டு, முதல் வளைவைத் தாண்டியதும் உங்கள் வேகத்துக்கு வந்துவிடுங்கள். வளைவுகளில் வெளிப்பாதையில் ஓடினால் தூரம் கூடிவிடும் என்பதால், முந்த வேண்டியிருந்தால் நேர்ப்பகுதியில் முந்துங்கள். மூன்றாம் சுற்றில்தான் மனம் தளரும். அந்தச் சுற்றில் வேகத்தைக் குறைக்காமல் பிடித்துக்கொள்வதைப் பயிற்சியிலேயே பழகியிருக்க வேண்டும். குறித்த நேரம் முடிந்தவுடன் முடிவுக் கோட்டுக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்துவிடுவது பல முகாம்களில் வழக்கம். ஓரடி தூரத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும் இளைஞர்களைப் பார்க்கையில் மனம் கனத்துப்போகும். அவர்களில் பலர் அந்த ஓரடியை முதல் நூறு மீட்டரிலேயே இழந்தவர்கள்.

எத்தனை மாதம் பயிற்சி தேவை? ஒரு வாரத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

இப்போது 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடக்கூடிய ஒருவருக்கு ஆறு மாத காலம் கொடுத்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே 6 நிமிடத்துக்குள் ஓடுபவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரங்கள் போதுமானதாக இருக்கலாம். எழுத்துத் தேர்வின் முடிவு வரட்டும் என்று காத்திருப்பது பெரும் தவறு. விண்ணப்பித்த நாளிலேயே மைதானத்துக்குப் போகத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் ஆறு வாரங்களில் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 4 முதல் 6 கிலோமீட்டர் வரை வாரத்தில் நான்கு நாட்கள் ஓடுங்கள். இதயமும் நுரையீரலும் வலுப்பெறுவது இந்த ஓட்டத்தால்தான். எலும்பும் தசைநாரும் வலுவடைய இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று தூரத்தைச் சட்டென்று கூட்டினால், கெண்டைக்காலிலும் முன்னங்காலிலும் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாட்களை வேகப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒரு நாள், இலக்கு வேகத்தில் 400 மீட்டரை ஆறு முறை ஓடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு அல்லது மூன்று நிமிடம் நடந்து இளைப்பாறலாம். முதல் 400 மீட்டரை 75 விநாடியிலும் கடைசியை 95 விநாடியிலும் ஓடுவதால் பயனில்லை. ஆறையும் 82 அல்லது 83 விநாடியில் ஓடி முடிப்பதுதான் பயிற்சியின் நோக்கம். மற்றொரு நாள், 200 மீட்டரை எட்டு முதல் பத்து முறை, 38 முதல் 40 விநாடிக்குள் ஓடலாம். இவற்றுக்கு நடுவே மெதுவான ஓட்டம் இரண்டு நாட்கள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழு ஓய்வு எடுங்கள். தினமும் கடிகாரம் வைத்து முழுத் தூரத்தையும் உயிரைக் கொடுத்து ஓடிப் பார்க்கும் பழக்கம் பல மைதானங்களில் இருக்கிறது. அதனால் உடல் சோர்ந்துபோகுமே தவிர வேகம் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதித்துப் பார்த்தால் போதும்.

மாதத்தில் இரண்டு முறையாவது தேர்வு நடக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்து பாருங்கள். முழு வேகத்தில் 1.6 கிலோமீட்டர் ஓடி, சற்று மூச்சு விட்டதும் பீமில் தொங்குங்கள். ஓய்வாக இருக்கும்போது 10 எடுப்பவரால் அந்தக் களைப்பில் 7 எடுப்பதே கடினமாக இருக்கும். இதை முகாமில் முதன்முதலாகக் கண்டுபிடிக்க நேர்வது மிகவும் வருத்தத்துக்குரியது.

தார்ச்சாலையில் ஓடலாமா? ஷூ அவசியமா?

பக்கத்தில் பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ இருந்தால் மெதுவான ஓட்டங்களை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கடினமான தரையில் தினமும் ஓடுவதை முன்னங்கால் எலும்பு நெடுநாள் தாங்காது. தார்ச்சாலையைத் தவிர வேறு வழியில்லை என்பவர்கள் வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக, வெளிர் நிற உடை அணிந்து ஓட வேண்டும். இருட்டு விலகாத அதிகாலையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு சாலையில் ஓடவே கூடாது. ஷூ அணிந்து பழகியவர் அதையே அணிந்து ஓடட்டும். வெறுங்காலில் ஓடியே பழகியவர் முகாமுக்காகப் புது ஷூ வாங்கி அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். கால் கொப்புளித்துவிடும்.

பீமில் ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. எப்படித் தொடங்குவது?

இந்த நிலையிலிருந்து தொடங்கி 10 வரை போனவர்கள் பலர் உண்டு என்பதால் மனம் தளர வேண்டியதில்லை. முதலில் கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்கப் பழகுங்கள். 45 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை கை நழுவாமல் தொங்க முடிந்தால் பிடி வலுத்துவிட்டது என்று பொருள். அடுத்து, ஒரு மேடையிலோ உறுதியான பலகையிலோ ஏறி மோவாய் கம்பிக்கு மேலே இருக்குமாறு நின்று, காலை எடுத்துவிட்டு, ஐந்து விநாடிகள் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே இறங்குங்கள். ஏறும் வலிமை இல்லாதவருக்கும் இறங்கும் வலிமை இருக்கும். அந்த இறக்கத்தைக் கட்டுப்படுத்திப் பழகுவதாலேயே ஏறும் வலிமை வந்துசேரும். நாளுக்கு ஐந்தைந்தாக மூன்று முறை, வாரத்தில் நான்கு நாட்கள் இதைச் செய்தால் சில வாரங்களில் முதல் புல்-அப் கைகூடும்.

மூன்று நான்கு எடுக்க வந்த பிறகு, ஒரே மூச்சில் முடிந்த மட்டும் எடுத்து ஓய்ந்துபோவதைவிட, காலை முதல் மாலை வரை அவ்வப்போது இரண்டிரண்டாக எடுப்பது விரைவான முன்னேற்றம் தரும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு இடையே இரும்புக் குழாய் ஒன்றைக் கட்டிவைத்தால் போதும். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டிய தேவையில்லை. இதோடு தண்டால் எடுப்பதும் வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் சேர்ந்தால் தொங்கும்போது உடல் ஊசலாடுவது குறையும். தேவைக்கு மேல் 5 கிலோ எடை உள்ளவர் அந்த எடையைக் குறைத்தாலே கூடுதலாக இரண்டு மூன்று எடுக்க முடிவதைக் காண்பார்.

பீமில் எவையெல்லாம் எண்ணிக்கையில் சேராது?

கைகள் முழுவதும் நீண்ட நிலையில் தொங்கித் தொடங்க வேண்டும். மோவாய் கம்பியைத் தாண்ட வேண்டும். மீண்டும் கைகள் முழுவதும் நீளும் வரை இறங்க வேண்டும். பாதி இறங்கிவிட்டு மறுபடி ஏறுவது, காலை உதைத்து உடலை வீசி ஏறுவது, கழுத்தை மட்டும் நீட்டி மோவாயைக் கம்பிக்கு எட்டவைப்பது ஆகியவற்றை அருகில் நிற்கும் வீரர் எண்ண மாட்டார். நீங்கள் 10 எடுத்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள்; அவருடைய கணக்கு 7இல் நிற்கும். அங்கே வாதாட இடமில்லை. ஆகவே பயிற்சியின்போதே கண்டிப்பான ஒரு நண்பரை எண்ணச் சொல்லுங்கள். அரைகுறையாக எடுத்ததை அவர் தாட்சண்யம் பார்க்காமல் கழித்துவிட வேண்டும்.

உள்ளங்கை முன்னோக்கி இருக்க வேண்டுமா, தன்னை நோக்கி இருக்க வேண்டுமா என்பதை அங்கே சொல்வார்கள். இரண்டு பிடியிலும் பழகியிருப்பது பாதுகாப்பானது. ஓடி முடித்த கை வியர்வையில் வழுக்கும். கம்பியைத் தொடுமுன் கையைத் துணியால் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் தோல் தடித்துக் காய்த்திருந்தால், முகாமுக்கு ஒரு வாரம் முன்பே அதைத் தேய்த்துச் சமப்படுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஆறாவது ஏழாவது எடுக்கும்போது தோல் பிய்ந்துவிடும்.

9 அடிப் பள்ளமும் ஜிக்-ஜாக்கும் கடினமானவையா?

ஓடி வந்து தாண்டுபவருக்கு 9 அடி, அதாவது ஏறத்தாழ 2.75 மீட்டர், பெரிய தூரமில்லை. ஆனால் தரையில் கோடு கிழித்துத் தாண்டுவதும் உண்மையான பள்ளத்தைத் தாண்டுவதும் மனத்துக்கு ஒன்றல்ல. பள்ளத்தின் விளிம்பில் தயங்கிக் காலைக் குறுக்குகிறவர்களே தவறவிடுகிறார்கள். மணலில் 11 அடி வரை தாண்டிப் பழகியிருந்தால் அந்தத் தயக்கம் வராது. ஜிக்-ஜாக் கட்டையில் பார்வையைக் காலடியில் வைக்காமல், இரண்டு மூன்று அடி முன்னால் வைத்து, கைகளை விரித்து நடக்க வேண்டும். விரைந்து முடிப்பதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

உயரம், மார்பளவு, எடை எவ்வளவு இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களுக்குப் பொதுப் பணிப் பிரிவில் உயரம் 166 செ.மீ., தொழில்நுட்பப் பிரிவில் 165 செ.மீ., எழுத்தர் பிரிவில் 162 செ.மீ. இருக்க வேண்டும். மார்பளவு 77 செ.மீ. இருப்பதோடு, மூச்சை இழுக்கும்போது குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். எடை உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். படைவீரர்களின் மகன்களுக்கும் தகுதியான விளையாட்டு வீரர்களுக்கும் இவற்றில் சிறு தளர்வு உண்டு.

சரியாக 166 செ.மீ. விளிம்பில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்புத் தட்டுகள் இரவுத் தூக்கத்தில் நீர் ஏற்று விரிந்திருப்பதால் காலையில் எழுந்தவுடன் உயரம் சற்றுக் கூடுதலாக இருக்கும். பல மணி நேரம் நின்றால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும். முகாமுக்கு முந்தைய இரவு பேருந்திலும் வாசலிலும் உட்கார்ந்தே கழிக்காமல், முடிந்த மட்டும் படுத்து ஓய்வெடுங்கள். அளக்கும்போது குதிகால், முதுகு, தலையின் பின்பகுதி ஆகியவை ஒட்டி நிற்குமாறு நிமிர்ந்து நில்லுங்கள். உயரத்தைக் கூட்டும் மருந்து என்று விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிய பிறகு எந்த மருந்தாலும் உயரத்தைக் கூட்ட முடியாது.

போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன். அது இதற்குப் போதுமா?

போதாது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் தகுதி பெறுவார்கள். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி என்ற வேகம் அது. இராணுவத்தில் 5 நிமிடம் 30 விநாடிக்குள் வர, கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 26 விநாடி என்ற வேகம் தேவை. கடற்படை 1.6 கிலோமீட்டருக்கு ஆண்களுக்கு 6 நிமிடம் 30 விநாடியும், விமானப்படை 7 நிமிடமும் தருகின்றன. ஆகவே இராணுவத்துக்கென்று பயிற்சி எடுத்தவருக்கு மற்ற ஓட்டங்கள் எளிதாகிவிடும்.

என்ன சாப்பிடலாம்? முகாம் நாளில் உணவை எப்படி வைத்துக்கொள்வது?

விலையுயர்ந்த புரதப் பொடிகள் இல்லாமலே தேவையான சத்து நம் வீட்டுச் சமையலில் கிடைத்துவிடும். முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், பாசிப்பயறு, மீன், கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம் ஆகியவை போதும். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் மூச்சு வாங்கும். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேரும்போது இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கப்படும். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது அதைத் தடுக்கும்.

முகாம்களில் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியதுமே வரிசை தொடங்கிவிடும். முந்தைய நாள் பகலிலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, சில மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். முந்தைய இரவில் பரோட்டா, பிரியாணி போன்றவற்றைத் தவிர்த்து இட்லியோ சோறும் பருப்புமோ சாப்பிடுங்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு வாழைப்பழம் சாப்பிடலாம். தண்ணீரை மொத்தமாக மடமடவென்று குடிக்காமல் சிறுகச் சிறுகக் குடியுங்கள். பழகாத எனர்ஜி பானத்தை அன்றைக்கு முதன்முதலாகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை, ஊசி போட்டுக்கொண்டால் வேகமாக ஓடலாம் என்கிறார்களே?

அப்படிச் சொல்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஊக்கமருந்துப் பயன்பாடு ஆள்சேர்ப்பு விதிகளில் தடைசெய்யப்பட்டது. பிடிபட்டால் வாய்ப்பு பறிபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து உயிருக்கே உண்டு. உடலின் களைப்பை மறைக்கும் மருந்துகள், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கச் சொல்லும் எச்சரிக்கையையும் மறைத்துவிடுகின்றன. அப்போது உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். இதயத் துடிப்பின் சீர் குலையும். வலி மாத்திரையும் பாதுகாப்பானதல்ல. உடலில் நீர் குறைந்திருக்கும்போது அதை விழுங்கிவிட்டு ஓடினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பயிற்சிக் காலத்தில் ஓடும்போது தலை சுற்றி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கத்தின் அறிகுறி. உடனே நிழலில் படுக்கவைத்து, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் தசைகள் வீங்கி, சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முன்னங்காலில் வலி வருகிறது. ஓடுவதை நிறுத்த வேண்டுமா?

எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவி, ஓடத் தொடங்கும்போது தோன்றிப் பிறகு குறையும் வலியென்றால், தூரத்தைப் பாதியாகக் குறைத்து, மென்மையான தரைக்கு மாறி, ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலி தொடர்ந்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். அப்போது ஓட்டத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடுவதை வீரமாக நினைத்து, சில வாரங்களில் சரியாகியிருக்க வேண்டியதைப் பல மாதங்களுக்கு இழுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களில் நீச்சலும் பீமும் உங்கள் உடற்தகுதியைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

பெண்களுக்கு என்ன விதிகள்?

பெண்கள் இராணுவக் காவல் படைப் பிரிவில் அக்னிவீராகச் சேரலாம். அந்தப் பிரிவில் பெண் வீரர்களின் முதல் அணி 2021 மே மாதத்தில் பெங்களூரில் பயிற்சியை முடித்தது. உயரம் 162 செ.மீ. தேவை. 1.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முதல் பிரிவு, 8 நிமிடத்துக்குள் ஓடினால் இரண்டாம் பிரிவு. 10 அடி நீளம் தாண்டுதலிலும் 3 அடி உயரம் தாண்டுதலிலும் தகுதி பெற வேண்டும். பீம் இல்லை. ஊரில் பெண்கள் ஓடிப் பழக மைதானமும் துணையும் கிடைப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது என்பதால், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பள்ளி மைதானத்துக்கு அனுமதி கேட்டுப் பெறுவது நல்லது. அண்ணன் தம்பிகளும் தந்தையரும் அதிகாலையில் உடன் வந்து நிற்கும் வீடுகளின் பெண்கள் இடைவிடாமல் பயிற்சியைத் தொடர்கிறார்கள்.

உடற்தகுதியில் தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் வெளியேற்றப்படுவது ஏன்?

தட்டைப் பாதம், நிற்கும்போது முழங்கால்கள் ஒட்டுதல், பார்வைக் குறைபாடு, காதுக் குறும்பி, விரைவீக்கம் போன்றவை அங்கே கண்டறியப்படும் பொதுவான குறைகள். இவற்றில் சில, சிகிச்சையால் சரியாகக்கூடியவை. ஆகவே பயிற்சியைத் தொடங்குமுன்பே ஒரு மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சரிசெய்யக்கூடிய குறையை முகாமுக்கு முந்தைய வாரம் தெரிந்துகொள்வதைவிட ஆறு மாதம் முன்பே தெரிந்துகொண்டால் அதற்கு வழி பிறக்கும். முகாமில் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்களில் மேல்பரிசோதனைக்கு உரியவர்களை இராணுவ மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதற்குத் தரப்படும் கால வரம்பைத் தவறவிடக் கூடாது.

இடைத்தரகர் ஒருவர் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

கொடுக்காதீர்கள். ஓட்டத்தின் நேரத்தையும் பீமின் எண்ணிக்கையையும் எந்த இடைத்தரகராலும் மாற்ற முடியாது. தேறிவிடுவார் என்று அவருக்கே தோன்றும் இளைஞர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர்கள் தாங்களாகத் தேறிய பிறகு தம்மால்தான் நடந்தது என்று சொல்வதே இவர்களுடைய வழக்கம். நகைகளை அடகு வைத்துப் பணம் கொடுக்கத் தயாராகும் பெற்றோருக்கு இதைப் பிள்ளைகள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஓட்டத்தில் தவறிவிட்டேன். அதே முகாமில் மறுவாய்ப்பு உண்டா?

இல்லை. வயது வரம்புக்குள் இருந்தால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பித்து, எழுத்துத் தேர்விலிருந்தே தொடங்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஒரு வாரம் உடலுக்கு ஓய்வு கொடுங்கள். நினைவு மங்குமுன் அன்று நடந்ததைத் தாளில் எழுதி வையுங்கள்: முதல் சுற்றை எவ்வளவு வேகத்தில் ஓடினீர்கள், எந்த இடத்தில் கால் தளர்ந்தது, எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். பிறகு 400 மீட்டரை ஆறு முறை ஓடிப் பார்த்து ஒவ்வொன்றின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒரே அளவில் இருந்து வேகம் மட்டும் குறைவாக இருந்தால் வேகப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். முதல் இரண்டு வேகமாகவும் மற்றவை தொய்ந்தும் இருந்தால், மெதுவான நெடுந்தூர ஓட்டத்துக்கே இன்னும் இரண்டு மாதம் திரும்பிப் போக வேண்டும்.